கண்ணில் குறை ஒன்றும் இல்லை

தேவகி இறந்த பிறகு பார்த்தவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "நல்லாத்தானே சார் இருந்தாங்க, திடீர்னு என்ன ஆச்சு?" பால் வாங்கும் கடையில் கேட்டார்கள். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நிறுத்திக் கேட்டார்கள். ஆளுக்குத் தகுந்தபடி இரண்டு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். முழுவதையும் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டதில் ஒன்று என்னை இன்னும் உறுத்துகிறது. அதையும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். நான் ஒரு மூளை ஆராய்ச்சி மையத்தில் டெக்னீஷியன். டாக்டர் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. பிளஸ் டூ முடித்து லேப் டெக்னீஷியன் டிப்ளமோ படித்தவன். இறந்தவர்களின் குடும்பத்தார் தானமாகக் கொடுக்கும் மூளையை ஃபார்மலினில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்தி, மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய ஏடுகளாகச் சீவுவோம். ஏட்டைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றிக் கொடுத்தால், மாடியில் இருக்கும் விஞ்ஞானிகள் மறதி நோயில் எந்தப் பகுதி முதலில் அழிகிறது, நடுக்குவாதத்தில் எது அழிகிறது என்று பார்ப்பார்கள். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. வீட்டில் கேட்டால், "நான் ரொட்டி வெட்டுற ஆளு, ருசி பாக்குறவங்க மாடியில இருக்காங்க" என்பேன். தேவகிக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. "அவங்களும் மனுசங்கதான, மரியாதயா பேசுங்க" என்பாள்.

தேவகிக்கு நாற்பத்தெட்டு வயது. கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி இரும்புலியூருக்கு வந்த பிறகு ஸ்கூட்டி ஓட்டப் பழகினாள். பிறகு மற்ற பெண்களுக்குக் கற்றுத்தர ஆரம்பித்தாள். காலை ஆறு மணிக்கு சிட்லபாக்கம் ஏரிப் பக்கத்து ரோட்டில் வகுப்பு. ஐம்பது வயதில் முதல்முறை வண்டியைத் தொடும் டீச்சர்கள், மகனை எதிர்பார்க்காமல் மார்க்கெட் போய்வர நினைக்கும் அம்மாக்கள் வருவார்கள். வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவாள். "சக்கரத்தப் பாக்காதீங்கக்கா, போற எடத்தப் பாருங்க!" என்று அவள் போடும் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

ஒருநாள் காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முன்பக்கம் நசுங்கியிருந்தது.

"யாரு இடிச்சது?"

"யாரும் இடிக்கல. நம்ம வீட்டு கேட்டு தூரமாத்தான் இருந்துச்சு. அப்பறம் பாத்தா கிட்ட வந்துடுச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் எனக்குச் சோறு பரிமாறும்போது கரண்டி தட்டுக்கு வெளியே கவிழ்ந்தது. மாடிப்படியில் கடைசிப் படி இல்லாத இடத்தில் கால் வைத்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் வெள்ளைக் கோடு பாம்பு மாதிரி நெளிகிறது என்றாள். மூன்று கண் டாக்டர்களிடம் போனோம். முதல் டாக்டர் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார். இரண்டாமவர் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார், இல்லை. மூன்றாமவர் மருந்து விட்டு, அரைமணி நேரம் இருட்டில் உட்காரவைத்து, விழித்திரைவரை பார்த்தார். "கண்ணுல குறை ஒண்ணும் இல்லம்மா. வீட்ல ஏதாவது டென்ஷனா?" என்றார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். பல்லாவரம் தாண்டும்போது தேவகி என் காதருகே குனிந்தாள்.

"ஏங்க, இந்த டிரைவருக்கு ஏன் மூஞ்சியே இல்ல?"

நான் ஆட்டோவின் கண்ணாடியில் பார்த்தேன். மீசை வைத்த ஒரு சாதாரண முகம். "இருக்கே தேவகி" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை.

மறுநாளே எங்கள் மையத்தின் தலைவியிடம் சொன்னேன். அவரை எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு நரம்பியல் டாக்டரின் பெயரைச் சொல்லி, "தள்ளிப்போடாதீங்க" என்றார்.

அந்த டாக்டர் அம்மாவுக்கு என் வயதிருக்கும். நிதானமாகப் பேசுவார். ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த படங்களைக் காட்டி, இதில் டம்ளர் எங்கே, சாவி எங்கே என்று கேட்டார். தேவகிக்குத் தெரியவில்லை. ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வட்டத்தைப் போட்டுவிட்டு எண்களை எல்லாம் வட்டத்துக்கு வெளியே எழுதினாள்.

"கண்ணு கேமரா மாதிரிம்மா. உங்க கேமரா நல்லாத்தான் இருக்கு. படத்தை ஒண்ணு சேர்க்குற இடம் பின்மண்டையில இருக்கு. அங்கதான் ஏதோ பிரச்சினை. ஸ்கேன் பார்த்துடலாம்" என்றார்.

எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்தில் எங்களுக்கு முன்னால் ஆறு பேர். தேவகி உள்ளே போனபின் கதவுக்கு வெளியே அந்த இயந்திரம் இடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஃபிலிமை வாங்கியதும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். என் மாதிரி ஆள் செய்யக்கூடாத காரியம் அது. மூளையின் பின்பக்க மடிப்புகளின் ஓரமாக ஒரு வெள்ளைக் கோடு, புடவைக்கு ஜரிகை வைத்த மாதிரி ஓடியது. அந்தப் படத்தை முன்பே பார்த்திருக்கிறேன். எங்கள் லேபில் வருஷத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு வகுப்பு நடக்கும். அதில், இறந்தவர்களின் மூளையை எங்கள் மையம் ஒருபோதும் வாங்கிக்கொள்ளாத ஒரு நோயைப் பற்றிச் சொல்லும்போது அந்தப் படத்தைத்தான் காட்டுவார்கள்.

அதன் பெயர் க்ராய்ட்ஸ்ஃபெல்ட்–யாக்கோப் நோய். சுருக்கமாக சி.ஜே.டி. மூளையில் எல்லாருக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அது ஒரு குறிப்பிட்ட விதமாக மடிந்திருக்கும். எப்போதாவது ஒருவருக்கு அதில் ஒன்று தப்பாக மடிந்துவிடுகிறது. தப்பாக மடிந்தது பக்கத்தில் இருப்பதையும் தன்னைப்போல மடித்துவிடும். இப்படியே பரவி, செல்கள் செத்து, மூளை துளைத் துளையாகிவிடும். மறதி நோய் வருஷக்கணக்கில் செய்வதை இது மாதக்கணக்கில் செய்யும். மருந்து கிடையாது.

"படம் எப்படிங்க வந்திருக்கு?" என்று தேவகி கேட்டாள்.

"டாக்டர்தான் பாக்கணும்" என்றேன்.

தாம்பரத்திலிருந்து சற்றுத் தள்ளி இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எங்கள் மகள் நித்யா சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தேவகியின் அண்ணன் வேலு, கடலுக்குப் போகிறவர். கரைக்கு வந்ததும் மீன் குழம்புத் தூக்கோடு இரண்டு பஸ் மாறி வந்துவிடுவார். தங்கையின் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிடுவார்.

"இன்னா மச்சான் இது? கண்ணு டாக்டரு ஒண்ணியும் இல்லன்றான். இவ இன்னான்னா செவுத்துல மஞ்சப்பூ பூத்துக்கீதுன்றா."

"அவளுக்கு அப்படித்தான் தெரியுது வேலு."

"பூவா இருந்தா பரவால்ல. வேற எதுனா தெரிஞ்சா பயந்துக்குவா" என்றார்.

தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு, மூளையைச் சுற்றி ஓடும் நீரைக் கொஞ்சம் எடுத்தார்கள். அதற்காக அவளைக் கருவில் இருக்கும் குழந்தைபோலச் சுருண்டு படுக்கச் சொன்னார்கள். முழங்கால் எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. நித்யாதான் பிடித்து மடக்கி, கட்டிக்கொண்டு கிடந்தாள்.

டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "சார், நீங்க இந்த ஃபீல்டுல இருக்கீங்க. ஸ்கேன் எதைக் காட்டுதுன்னு உங்களுக்கே தெரியும்னு நினைக்கிறேன். ஆனா இதே மாதிரி ஆரம்பிக்கிற இன்னொரு நோய் இருக்கு. உடம்போட எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குறது. அதுக்கு மருந்து இருக்கு. பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம், ஸ்டீராய்டு ஆரம்பிக்கிறேன்."

ஒரு மனிதன் தன் மனைவிக்கு ஒரு நோய் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்குப் போய் நின்றேன். என்ன வேண்டுவது என்று வாயில் வரவில்லை. அந்த இன்னொரு நோயின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் மருந்து ஏறியதும் தேவகி கண்ணைத் திறந்து, "நித்யா, கம்மல் மாத்திட்டியா?" என்று கேட்டாள். உண்மையிலேயே மாற்றியிருந்தாள். மகள் அழுதுகொண்டே வெளியே ஓடினாள். நான் வேலுவுக்குப் போன் செய்தேன், மேடத்துக்குச் செய்தேன், யார் யாருக்கோ செய்தேன். அன்று பகல் முழுவதும் தேவகி தெளிவாகப் பேசினாள். ஆரஞ்சுச் சுளையைத் தானே எடுத்துச் சாப்பிட்டாள். நித்யா குளிக்க வீட்டுக்குப் போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டாள்.

"எனக்கு இன்னான்னு நீங்க சொல்ல மாட்டீங்க. மூஞ்சி சரியாத் தெரியாட்டியும் கொரலு தெரியுதுங்க. எப்பவும் போல இல்ல."

நான் போர்வையை இழுத்துவிட்டேன்.

"நான் போயிட்டா என்னையும் உங்க லேபுக்கே குடுத்துடுங்க. எத்தினி பேரு குடுத்தாங்கன்னு வந்து வந்து சொல்வீங்களே. அவங்க பாத்து எதுனா கண்டுபுடிக்கட்டும்."

"தேவகி, பேசாம இரு."

"ஆனா நீங்க வெட்டாதீங்க. வேற யாருனா வெட்டட்டும்."

மறுநாள் காலை அவளுக்கு மறுபடி ஒன்றும் தெரியவில்லை. கம்மலும் தெரியவில்லை, நித்யாவும் தெரியவில்லை.

அதன்பின் உதறல் வந்தது. சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு முழுவதும் தூக்கிப் போடும். எதிர்க் கட்டிலில் யாராவது எவர்சில்வர் தட்டை வைத்தால் இவள் துள்ளுவாள். வேலு தன் தோள்துண்டைக் கிழித்து அந்த வார்டில் இருந்த எல்லார் தட்டுக்கும் அடியில் ஒவ்வொரு துண்டை வைத்துவிட்டு வந்தார். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. துடைத்துவிட வந்த ஆயாம்மா மட்டும் கதவருகே நின்று, "சார், இது தொத்துமா?" என்று கேட்டார். தொட்டால் வராது, எச்சிலில் வராது, பக்கத்தில் இருந்தால் வராது என்று சொன்னேன். "நீங்க சொன்னா சரி சார்" என்று உள்ளே வந்து தேவகிக்குத் தலை பின்னிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. அந்த இன்னொரு நோய் இல்லை. முதுகுத்தண்டு நீரின் ஒரு பங்கை வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே தப்பாக மடிந்த புரதம் இருப்பது தெரிந்தது.

டாக்டர் நித்யாவையும் வேலுவையும் உட்காரவைத்துச் சொன்னார். சில வாரங்கள், கூடிப்போனால் இரண்டு மூன்று மாதம். வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம், உதறலைக் குறைக்கலாம், மூக்கு வழியாக உணவு கொடுக்கலாம், அவ்வளவுதான் என்றார். வெளியே கேன்டீன் பக்கம் வந்ததும் வேலு என் சட்டையைப் பிடித்தார்.

"நீ மூளை ஆராய்ச்சிலதான மச்சான் வேல செய்ற? இத்தினி வருசமா இன்னாத்த ஆராய்ஞ்சீங்க? ஒரு மாத்திரகூடவா இல்ல? ஒரே ஒரு மாத்திர?"

"இல்ல வேலு."

"அப்ப இன்னாத்துக்கு மச்சான் வெட்றீங்க?"

கேட்டுவிட்டு அவரே சட்டையை நீவிவிட்டார். நானும் அந்தக் கேள்வியைத்தான் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். செல் எப்படிச் சாகிறது என்று எனக்குப் படம் போட்டுக் காட்ட முடியும். சாயம் ஏற்றினால் அந்தத் துளைகள் என்ன நிறத்தில் தெரியும் என்றுகூடச் சொல்ல முடியும். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மேடத்திடம் போய் தேவகி கேட்டதைச் சொன்னேன். அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"உங்களுக்கே ரூல் தெரியும். ஃபார்மலின்ல இந்தப் புரதம் அழியாது, வெட்டுறப்போ கத்தி கையில கீறினா தொத்திடும். நம்ம கத்தி, மெஷின், சிங்க் எதுவுமே இதுக்கானது இல்ல. அங்க வேலை பார்க்கிற பசங்களை நான் எப்படி..."

"தெரியும் மேடம்." அந்தப் பாதுகாப்புத் தாளில் வருஷா வருஷம் கையெழுத்துப் போடுகிறவன் நான்தான்.

அவர் சும்மா விடவில்லை. என் முன்னாலேயே இரண்டு இடங்களுக்குப் போன் செய்தார். ஒன்றில் முடியாது என்றார்கள். இன்னொன்று வெளி மாநிலத்தில். நோயாளி அவர்கள் ஆஸ்பத்திரியிலேயே இறந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். சத்தம் கேட்டாலே துள்ளும் ஒரு பெண்ணை, சாவதற்காக, ஆம்புலன்ஸில் அவ்வளவு தூரம் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

அன்று சாயந்திரம் தேவகி நினைவோடு இருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். பேச்சு குழறிக்கொண்டிருந்தது. "கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன். சரின்னு சொல்லிட்டாங்க."

"நல்லது" என்றாள். அவள் பேசியதில் எனக்குப் புரிந்த கடைசி வார்த்தை அதுதான்.

இதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை. இருபத்து நான்கு வருஷத்தில் அவளிடம் சின்னச் சின்னப் பொய்கள் நிறையச் சொல்லியிருக்கிறேன், எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாள். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு வாய்ப்பில்லாமல் போயிற்று. சொன்னது சரியா என்று இன்றும் தெரியவில்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். காலிங்பெல் ஒயரைக் கழற்றினேன். குக்கர் வைப்பதை நிறுத்தி உலைப்பானையில் வடித்தோம். அவளிடம் வண்டி பழகிய பெண்கள் முறைபோட்டுக்கொண்டு வந்தார்கள். தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். ஒரு ரிட்டயர்டு டீச்சர் தினமும் தைலம் கொண்டுவந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிடுவார். அந்த விரல்கள் திரும்ப மடங்கிக்கொள்ளும். அவர் மறுபடி நீட்டிவிடுவார். நான் செய்ததெல்லாம் குழாயில் கஞ்சி ஊற்றுவது, இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பது. கண் திறந்தே இருக்கும். எதிரில் போய் நிற்பேன். பார்ப்பது போல இருக்கும், பார்க்க மாட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நித்யா அவளுக்கு முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது. நித்யா துடைத்து முடித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாள். இறப்புச் சான்றிதழில் நோயின் பெயரைப் படித்த அமரர் ஊர்திக்காரர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். வேலுவும் குப்பத்திலிருந்து வந்த நான்கு பேரும் அவர்களை நகரச் சொல்லிவிட்டு, தாங்களே தூக்கி வைத்தார்கள்.

காரியம் எல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய பிறகு டாக்டர் அம்மா போன் செய்தார். இந்த நோய் அபூர்வமாகச் சில குடும்பங்களில் பரம்பரையாக வரும்; தேவகியின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறோம்; விருப்பமிருந்தால் மரபணுவைப் பார்க்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றார். நான் முடிவெடுக்கவில்லை. அது மகளும் மச்சானும் எடுக்க வேண்டிய முடிவு. வேலு, "எனக்கு வந்தா வருது, பாப்பாவுக்குப் பாத்துடலாம்" என்றார். நித்யா இரண்டு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். அந்த இரண்டு வாரமும், அதற்குப் பிறகு முடிவு வரும்வரையும், அவள் டம்ளரைத் தவறவிட்டாலே நான் அவள் விரல்களைப் பார்ப்பேன். தவறவிட்டதும் அவளும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

முடிவைச் சொல்ல மூன்று பேரையும் வரச்சொன்னார் டாக்டர். நாங்கள் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். "ஒண்ணும் இல்ல. மரபணுவுல எந்தக் கோளாறும் இல்ல. உங்க ரெண்டு பேருக்கும் இதனால பயம் வேண்டாம்."

வேலு முகத்தைப் பொத்திக்கொண்டு அங்கேயே அழுதார். நான் நித்யாவின் முதுகில் கை வைத்தேன். அவள் அழவில்லை. டாக்டரிடம் கேட்டாள்.

"அப்ப எங்க அம்மாவுக்கு ஏன் டாக்டர் வந்துச்சு? சாப்பாடா? எங்கயாவது அடிபட்டதா? ஏதாவது ஒரு காரணம் இருக்கணும்ல?"

"பெரும்பாலும் தானாத்தான் வருதும்மா. ஒரு புரதம் தப்பா மடிஞ்சுடுது."

"அது ஏன் மடிஞ்சது?"

"தெரியலம்மா" என்றார். "யாருக்கும் தெரியல."

நித்யா தலையாட்டினாள். நாங்கள் எழுந்தோம். வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது டாக்டர் எங்களோடு லிஃப்ட்வரை நடந்து வந்தார். லிஃப்ட் வர நேரமானது. அதுவரைக்கும் நித்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.